சேகர் எங்கே என்று கேட்டவர்

நசீர் நானா அந்தப் புதிய பாட்டை மூன்று தரம் போட்டார். மூன்றாம் தரம் முடிந்ததும் அக்கா மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"சேகர் எங்கை?" என்று கேட்டார்.

கடையில் நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம். நானா, அக்கா, நான், நாலந்தா என்ற ஊரிலிருந்து வரும் கணக்கு வாத்தியார் ஜயந்த. நானா கசெட்டை வெளியே எடுத்து, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எண்பத்து நாலாம் ஆண்டின் தொடக்கம் அது. மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நாங்கள் முஸ்லிம் வழக்கப்படி நானா என்று கூப்பிட்ட அந்த அண்ணன் ஒரு ரெக்கோர்டிங் பார் வைத்திருந்தார். கேட்ட பாட்டுகளை வெற்றுக் கசெட்டில் பதிந்து கொடுக்கிற கடை. அக்கா எனக்குச் சொந்தமில்லை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தோம். அவர் டைப்பிஸ்ட், நான் கிளாக். கந்தோர் விட்டு, உக்குவளை பஸ்ஸுக்கு முன்னால் எனக்குக் கிடைக்கும் முக்கால் மணி நேரம் அந்தக் கடையில்தான் கழியும். ஊரில் பெரும்பாலானவர்கள் சினிமாப் பாட்டுக்கு வருவார்கள். நாங்கள் நாலு பேரும் கொழும்பிலிருந்த ஒரு ரொக் குழுவுக்கு அடிமைகள். அதில் ஐந்து பேர். இரண்டு சிங்களவர், ஒரு பறங்கியர், ஒரு மலாய்க்காரர், லீட் கிட்டார் வாசித்த தமிழர் சேகர். பாட்டு பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். எங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சேகரின் கிட்டார் நடுவில் எழும்பும்போது நாலு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

புதிய பாட்டில் கிட்டாரே இல்லை. அந்த இடத்தில் ஓர்கன் ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. டிரம்ஸுக்குப் பதிலாக மெஷின் தட்டியது. பாடகரின் குரல் மட்டும் பழையது, அதுவும் அடங்கிப் போயிருந்தது.

"இதென்ன மிஸ், கலியாண வீட்டு பேண்ட் மாதிரி ஈக்கிது" என்றார் நானா.

ஜயந்தவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவனோடு நாங்கள் சிங்களத்தில்தான் பேசுவோம். அக்காவை 'அக்கே' என்று கூப்பிடுவான். "காலம் மாறுது அக்கே. வெளிநாட்டுல எல்லாரும் இப்ப இப்படித்தான் வாசிக்கிறாங்க. இவங்க மட்டும் பத்து வருசத்துக்கு முன்னால இருந்த மாதிரியே இருக்கணுமா?"

"நான் சத்தத்தைப் பற்றிக் கேக்கேல்லை தம்பி" என்றார் அக்கா. "ஆளைப் பற்றிக் கேக்கிறன்."

நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். உண்மையைச் சொன்னால், பயந்துபோனேன். அக்கா இனி யாரையும் எங்கே என்று கேட்கமாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அக்காவின் ஊர் யாழ்ப்பாணப் பக்கம். தனியாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், நடக்கும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து நடப்பார். அவருக்குக் காது அசாத்தியமான கூர்மை. டைப் அடிக்கிற அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே, எந்த மெஷினில் யார் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். காதை விடப் பெரிய வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. ஓர் இடத்தில் இருக்க வேண்டிய ஆள் இல்லையென்றால், அவரால் அதைப் பார்க்காததுபோல இருக்க முடியாது. பஸ்ஸில் வழக்கமாக முன் சீட்டில் வரும் கிழவனைக் காணவில்லையென்றால் கொண்டக்டரிடம் கேட்பார். கூட்டுகிற பெண் இரண்டு நாள் வராவிட்டால் அவள் வீட்டுக்கே போய்விடுவார். மற்றவர்களும் கவனிப்பார்கள்தான். ஆனால் கவனித்ததை மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள். அக்கா வாயைத் திறந்து கேட்டுவிடுவார்.

லக்கலையிலிருந்து, காடு வெட்டிப் பயிர் செய்கிற ஒரு சேனைக்காரர் மாதம் ஒரு தரம் காணி பெர்மிட் விஷயமாகக் கந்தோருக்கு வந்துகொண்டிருந்தார். வெற்றிலை மடித்த கையோடு கவுண்டரில் நின்று, "வந்திருச்சா நோனா?" என்று சிங்களத்தில் கேட்பார். இல்லை என்றால் சிரித்துவிட்டுப் போவார். ஒரு வைகாசி மாதத்தில் அவருடைய பெர்மிட் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. தபாலில் போட்டாயிற்று, எங்கள் வேலை முடிந்தது என்று நான் சொன்னேன்.

"மனிசன் ரெண்டு வருசமா மாசம் தவறாமல் வந்தவர்" என்றார் அக்கா. "வாரும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாப்பம்."

போனோம். லக்கலைப் பக்கம் பஸ் அபூர்வம். இறங்கி வெயிலில் இரண்டு மைல் நடந்தோம். மண் குடிசை ஒன்றின் பாதிச் சுவர் விழுந்து கிடந்தது. யானை. ஆளும் அந்தச் சுவரோடு போயிருந்தார், ஒன்றரை மாதத்துக்கு முன்னால். மனைவிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நாங்கள் அனுப்பிய கடிதத்தைப் பிரிக்காமலே கூரை ஓலையில் செருகி வைத்திருந்தாள். அக்கா அதை உருவி எடுத்து, தரையில் உட்கார்ந்து, வரி வரியாக வாசித்துக் காட்டினார். அந்தப் பெண் கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "இதை அவருக்கு இன்னொரு தரம் வாசிங்க" என்று பின்வளவைக் காட்டினாள். அக்கா எழுந்துபோய் அந்த மண் மேட்டுக்கு முன்னால் நின்று இன்னொரு தரம் வாசித்தார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

கேட்பதால் எப்போதும் நல்லது வந்துவிடாது. அதையும் சொல்ல வேண்டும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளையும் எரிந்தது. நசீர் நானா தமிழரான எங்கள் இரண்டு பேரையும் தன் வீட்டு மேல்மாடியில் மூன்று நாள் வைத்திருந்தார். அவர் மனைவி ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. கந்தோர் திரும்பத் திறந்தபோது, காணிப் படம் வரைகிற எங்கள் ட்ராஃப்ட்ஸ்மன் வரவில்லை. அவரும் அக்காவைப்போல வடக்கத்தி ஆள், அமைதியான மனிதர். ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. அவருடைய மேசையில் வேறு ஆட்கள் ஃபைல்களை அடுக்கத் தொடங்கினார்கள். ஒரு கூட்டத்தில், கந்தோர்ப் பெரியவர் முன்னிலையில், எல்லோருக்கும் நடுவே அக்கா எழுந்து நின்று கேட்டார்.

"சேர், ட்ராஃப்ட்ஸ்மன் எங்கே? உயிரோட இருக்கிறாரா என்று யாராவது பார்த்தீங்களா?"

கேட்டபிறகு பெரியவர் சும்மா இருக்க முடியாது. மேலிடத்துக்கு எழுதினார். அரச ஊழியர் ஒருவரைக் காணவில்லை என்று எழுத்தில் போனதும், இராணுவ ஆட்கள் அவருடைய ஊர் வீட்டுக்கு விசாரிக்கப் போனார்கள். ட்ராஃப்ட்ஸ்மன் உயிரோடு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். கடல் தாண்டிப் போவதற்கு ஆயத்தமாக, சத்தம் போடாமல் ஒளிந்திருந்தார். விசாரிக்க வந்தவர்களுக்கு அவர் அகப்படவில்லை. அவருடைய தம்பி அகப்பட்டான். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கார்த்திகையில் அக்காவுக்கு ஒரு தபாலட்டை வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். 'நீங்கள் கேளாமல் விட்டிருந்தால் என் தம்பி வீட்டில் இருந்திருப்பான்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அக்கா, நீங்க நல்லதுக்குத்தானே கேட்டீங்க" என்றேன்.

"நல்லதுக்கோ கெட்டதுக்கோ, கேட்டது நான்தானே" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கொண்டக்டரோடு பேசுவதில்லை. டைப் அடிக்கும் அறையில் தலை நிமிர்வதில்லை. கடைக்கு வந்தாலும் பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போவார். இப்படி மூன்று மாதம் கழிந்த பிறகுதான் சேகர் எங்கை என்று கேட்டார். நான் ஏன் பயந்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நாலு பேரும் கடையில் கூடும் வெள்ளிக்கிழமைகள் சண்டையாகிவிட்டன. ஜயந்த புதிய பாட்டுக்காக வாதாடினான். மெஷினில் தாளம் பிசகாது என்றான், ஓர்கனில் எத்தனை விதமான சத்தம் எடுக்கலாம் என்றான். நானா பழைய பாட்டைப் போட்டு, "இந்தா, இதக் கேளு மகன், இதுக்குப் பேர்தான் பாட்டு" என்பார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டுவேன். புதிய பாட்டு எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. அக்காவுக்குச் சொல்லவில்லை.

அக்கா இந்த வாதத்தில் சேரவேயில்லை. ஒரு தரம் மட்டும், "சேகர் ஒரு சத்தத்தை இழுத்து வைச்சுக்கொண்டு, அடுத்ததுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வருவார். வேறை ஒருத்தரும் அப்பிடி வாசிக்கிறேல்லை" என்றார். "சத்தம் மாறினதெண்டால் அவரும் மாறி வாசிச்சிருப்பார். இதிலை ஆளே இல்லை."

"எல்லாத்தையும் இனப் பிரச்சினையா ஆக்காதீங்க அக்கே" என்று ஜயந்த கத்தினான். "அவர் சண்டை போட்டுட்டுப் போயிருக்கலாம். கலியாணம் கட்டியிருக்கலாம். பேண்டில இருந்து ஆட்கள் விலகுறதே இல்லையா?"

"இருக்கலாம்" என்றார் அக்கா. "அதைச் சொல்லட்டும். நான் கேட்டுட்டுப் பேசாமல் இருக்கிறன்."

நானா குறுக்கே வந்தார். "மிஸ், கம்பெனிக்காரன் அனுப்புறதத்தான் நான் போடுற. உள்ளுக்கு யார் ஈக்கிற, யார் இல்லண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? விடுங்களேன்."

அக்கா விடவில்லை. கசெட் அட்டையிலிருந்த முகவரிக்குக் கடிதம் டைப் செய்து போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார். அதற்கு ஒரு படம் வந்தது, எல்லோருடைய கையெழுத்தும் அச்சடித்தது. படத்தில் ஐந்து பேர்தான். சேகர் நின்ற இடத்தில் ஓர்கனுக்குப் பின்னால் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் வைகாசியில் வெசாக் பண்டிகை முடிந்து கொஞ்ச நாளில் அந்தக் குழுவே மாத்தளைக்கு வந்தது. ஒரு மைதானத்தில் நிதி சேர்க்கும் நிகழ்ச்சி. ஜயந்தவின் சிநேகிதர்கள்தான் ஒழுங்கு செய்தார்கள். பின்னேரம் தொடங்கும் நிகழ்ச்சிக்கு, மேடையில் வயர் பூட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே ஜயந்த எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனான். பிடிவாதத்துக்குத்தான் கூட்டிப்போனான். "வாங்க அக்கே, நீங்களே கேளுங்க. அவர் வெளிநாட்டில இருக்கார்னு சொல்வாங்க, அதோட உங்களுக்கு ஆறுதல்."

பாடகர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். ரசிகர்கள் என்று ஜயந்த சொன்னதும் பேனாவைக் கேட்டார். அக்கா பேனாவைக் கொடுக்கவில்லை.

"சேகர் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"சேகர் ஃபொரின் போயிட்டான்" என்றார் பாடகர். உடனே வந்தது பதில். பல தரம் சொல்லிப் பழகிய பதில்.

ஜயந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். அக்கா அசையவில்லை.

"எந்த நாட்டுக்கு? போகும்போது நீங்க பயணம் அனுப்பப் போனீங்களா?"

பாடகர் கோப்பையைக் கீழே வைத்தார். மேடையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த மலாய்க்காரர் சுற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நீங்க அவனுக்குச் சொந்தமா?" என்று பாடகர் கேட்டார்.

"இல்லை. பாட்டுக் கேக்கிறவள்."

அதைக் கேட்டதும் அந்த மனிதரின் முகம் உடைந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஆடிக் கலவரம் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை அவர்கள் பாட்டுப் பதிய ஸ்டூடியோவில் இருந்தார்கள். வெளியே புகை எழும்புகிறது என்றார்கள். வெள்ளவத்தையில் அம்மா தனியாக இருக்கிறார் என்று சேகர் சைக்கிளை எடுத்தான். இரு, வான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம் என்று இவர்கள் சொன்னார்கள். வான் கண்ணாடியை உடைப்பார்கள், சைக்கிள்தான் சந்துகளுக்குள்ளால் போகும் என்றான். போனான். அம்மா அகதி முகாமில் கிடைத்தார். சேகர் கிடைக்கவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை.

"ரெண்டு மாசம் தேடினோம். ஆஸ்பத்திரி, பொலிஸ், எல்லா இடமும். அப்புறம் தேட வேண்டாம்னு எங்களுக்குச் சொன்னாங்க."

"யார் சொன்னது?"

பாடகர் கீழே வைத்த கோப்பையைத் திரும்ப எடுத்தார். பிறகு, தனக்குத்தானே பேசுவதுபோல, "கிட்டார் வாசிக்க எத்தனையோ பேர் வந்தாங்க" என்றார். "அவனை மாதிரியே வாசிச்சுக் காட்டினாங்க. எங்களால கேட்க முடியல. அதான் கிட்டாரையே எடுத்துட்டோம். பேப்பர்காரன் எழுதுறான், நாங்க மாடர்ன் ஆயிட்டோம்னு."

ஜயந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய காதுகள் சிவந்து போயிருந்தன. நாலு மாதமாக அந்தப் பாட்டுக்கு அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. அவனுக்கும் வந்திருக்கும்.

"இதை நீங்கள் சொல்லியிருக்க வேணும்" என்றார் அக்கா.

"யாருக்கிட்டச் சொல்றது?" என்று பாடகர் கேட்டார்.

"எங்களுக்கு. நாங்கள் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறம்."

பின்னேரம் மைதானம் நிறைந்துவிட்டது. நாங்கள் ஓரமாக நின்றோம். புதிய பாட்டை அவர்கள் வாசித்தபோது இளைஞர்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றி ஆடினார்கள். பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பாடகர் சேகரின் பேரைச் சொல்வார் என்று அக்கா காத்திருந்தார். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்.

"சொல்லேல்லை" என்றார் அக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். ஜயந்த ஓடிவந்து அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு அந்தக் குழுவின் பாட்டுகளை நாங்கள் சேர்ந்து கேட்டதில்லை. நானா கசெட் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்புவார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளில் போய் வாங்கிக்கொள்வோம். எனக்குக் கலியாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. ஜயந்த மட்டும் அக்காவைப் பார்க்கக் கந்தோருக்கு வந்து போவான். நாலந்தாப் பக்கத்து மாம்பழம், அவன் அம்மா செய்த கொக்கிஸ் பலகாரம் என்று ஏதாவது கொண்டு வருவான். இரண்டு பேரும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று பாட்டைப் பற்றித்தான் கதைப்பார்கள். கையை ஆட்டி ஆட்டி வாதாடுவது என் ஜன்னலில் இருந்து தெரியும்.

அக்கா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வவுனியாவுக்கு மாற்றம் கேட்டுப் போனார். அங்கே சண்டை நடக்கிற நேரத்தில் யாராவது மாற்றம் கேட்டுப் போவார்களா என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

அவர் போவதற்கு முந்திய காலம்தான் மாத்தளைச் சிங்களச் சனங்களுக்கு மிகவும் கெட்ட காலம். அரசாங்கத்துக்கு எதிராக எழும்பியவர்கள் என்று இந்த முறை சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். ரோட்டு ஓரங்களில் என்னென்னவோ கிடந்தது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பிள்ளைகளை உட்காரவைக்க மாட்டோம். ஒரு நாள் விடியற்காலையில் ஆட்கள் ஜீப்பில் வந்து ஜயந்தவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏன் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவன் பேரை ரெஜிஸ்டரில் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். அவனுடைய சிநேகிதர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் அவனுடைய அம்மா நாலந்தாவிலிருந்து பஸ் ஏறி, அக்காவைத் தேடிக் கந்தோருக்கு வந்தாள். வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தாள். மகன் அடிக்கடி பேர் சொல்லும் ஒரே ஆள் அக்காதான் என்றாள். அக்கா அப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"நீரும் வாரும். மூண்டு பேராய்ப் போனால் கொஞ்சம் பலம்."

"பிள்ளைக்குக் காய்ச்சல் அக்கா" என்றேன். "நேரத்தோட வீட்டுக்குப் போகணும்."

பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை. அக்கா என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தாயோடு இறங்கிப் போனார்.

அன்று நடந்ததை அந்தத் தாய்தான் பிறகு எனக்குச் சொன்னாள். ஒரு இராணுவ முகாமின் வாசலில் சிங்களத் தாய்மார் வரிசையாக நின்றார்கள். வரிசையில் பொட்டு வைத்த ஒரே பெண் அக்கா. வெயிலில் நாலு மணி நேரம். அவர்கள் முறை வந்ததும் தாய்க்கு வாய் எழும்பவில்லை. அக்கா முன்னால் போய் ஜயந்தவின் முழுப் பேரையும் சொல்லி, "அவர் எங்கே?" என்று கேட்டார். காவலுக்கு நின்றவன் அவரை மேலும் கீழும் பார்த்தான். உன்னுடைய பேர் என்ன, எந்த ஊர், அடையாள அட்டை எங்கே என்றான். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இவன் என்ன முறை என்று கேட்டான்.

"ஒரு முறையும் இல்லை. ஒரு பாட்டுக்காக நாலு மாசம் என்னோட சண்டை பிடித்தவர்" என்றாராம் அக்கா.

அவன் சிரித்தானாம். அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்றானாம். அடையாள அட்டையை மட்டும் பின்னேரம்வரை கொடுக்கவில்லை. அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டு ஒரு மர வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவர் தாயிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வெளியே வந்தவர் அடையாள அட்டையைக் கைப்பையில் போட்டு மூடினாராம். அடுத்த கிழமை வேறு முகாமுக்குப் போவோம் என்றாராம். மூன்று மாதத்தில் ஏழு தரம் போனார்கள். ஜயந்த திரும்பி வரவில்லை. என்ன ஆனான் என்று இன்றைக்கும் தெரியாது.

முதல் நாள் போய்வந்த மறுநாள் காலை அக்கா எனக்கு முந்தியே கந்தோருக்கு வந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் அந்த வரியை அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டுதோ?" என்று கேட்டார்.

"விட்டுருச்சு அக்கா" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிவிட்டு, தாளை மேலே தள்ளி அடுத்த வரியைத் தொடங்கினார்.